லாரியில் ஹைட்ரஜன் கிட் போட்டால் டீசல் மிச்சமாகுமா? பயோடீசல் ஊற்றலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இரண்டு லாரி ஓடுகிறது. ஒன்று பி.எஸ்.4, இன்னொன்று பி.எஸ்.6 (வண்டிப் புகை விதியில் பழைய நிலையும் புதிய நிலையும்). தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரித்து ஏர் ஃபில்டர் குழாயில் விடும் கிட் ஒன்றை 45,000 ரூபாய்க்குத் தருகிறார்கள், டீசலில் 30 சதவீதம் மிச்சமாகும் என்கிறார்கள். பெரிய கம்பெனிகளே ஹைட்ரஜன் லாரி விடும்போது இது மட்டும் எப்படிப் பொய்யாகும், அது சரிவராது என்றால் பயோடீசலாவது ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் இருப்பது வேறு. டிரிப் வாடகையில் பெரும்பங்கு டீசலுக்கே போய்விடுகிறது, அதில் கொஞ்சமாவது குறைக்க வழி உண்டா என்பதுதான் அது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் முதல் 6 வருடம் டீசல் பம்ப், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் இவற்றைப் பழுது பார்க்கும் பட்டறையில் இருந்தேன். அதற்குப் பிறகு 20 வருடமாக ஒரு பொறியியல் கல்லூரியின் இன்ஜின் லேபில் இருக்கிறேன். புங்க எண்ணெய், இலுப்பை எண்ணெய், பழைய சமையல் எண்ணெய், சாண எரிவாயு, சிலிண்டர் ஹைட்ரஜன் என்று பலதையும் ஓட்டிப் பார்த்திருக்கிறோம். ஆனால் அதில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும் 5 குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் செய்தவை. ஆறு சிலிண்டர் டர்போ லாரி இன்ஜினில் நான் நேரடியாக அளந்தது குறைவு. அதனால் எது கணக்குப்படி உறுதி, எது என் அனுபவம், எது இன்னும் முடிவாகாதது என்று பிரித்தே சொல்கிறேன்.

கிட்டைப் பொறுத்தவரை பதில் ஒன்றுதான். போடாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கணக்கை நீங்களே ஒரு பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது, மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மணிக்கு 12 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் சக்தி இருக்கிறது. வீட்டு மீட்டரில் ஓடுகிறதே, அதே யூனிட்தான். ஆக மணிக்கு 120 யூனிட் எரிகிறது. கிட் 24 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுத்தால் அது 240 வாட். நன்றாகச் செய்த கிட்டாக இருந்தால் இந்தக் கரண்டில் நிமிடத்துக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே ஹைட்ரஜன் வரும். லிட்டர் என்றதும் டீசல் லிட்டரை நினைத்துவிடக் கூடாது. வாயுவாக இருக்கும் ஹைட்ரஜன் 3,300 லிட்டர் சேர்ந்தால்தான் ஒரு லிட்டர் டீசலுக்கு ஈடு. அந்தக் கிட் ஒரு மணி நேரம் ஓடித் தரும் ஹைட்ரஜனில் மொத்தமாக 0.15 யூனிட் இருக்கும். 120 யூனிட் எரிகிற இடத்தில் 0.15 யூனிட் என்றால் 800-ல் ஒரு பங்கு. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்தச் சோளப்பொரியும் இலவசமாக வரவில்லை. கிட்டுக்குப் போகும் கரண்டை ஆல்டர்னேட்டர் தருகிறது, ஆல்டர்னேட்டரை இன்ஜின் சுற்றுகிறது, இன்ஜினை டீசல் சுற்றுகிறது. ஆல்டர்னேட்டரின் திறன் 60 சதவீதம், இன்ஜினின் திறன் 40 சதவீதம் என்று தாராளமாகவே வைத்தாலும், 0.24 யூனிட் கரண்டுக்கு ஒரு முழு யூனிட் டீசல் எரிய வேண்டும். ஒரு ரூபாய் கொடுத்து 15 பைசா வாங்கும் வியாபாரம் இது. கிட்டை இன்னும் பெரிதாகச் செய்தால் நஷ்டமும் அதே விகிதத்தில் பெரிதாகும். டீசலில் 10 சதவீதத்துக்கு ஈடான ஹைட்ரஜன் வேண்டுமென்றால் 24 வோல்ட்டில் 800 ஆம்பியர் இழுக்க வேண்டும். எந்த லாரி ஆல்டர்னேட்டரும் அதைத் தாங்காது.

இதைச் சொன்னால் விற்பவர் வேறு பதில் வைத்திருப்பார். “சார், ஹைட்ரஜன் எரிபொருளே இல்லை, டீசலை முழுசா எரிய வைக்கிற ஊக்கி” என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜினில் உள்ளே போகும் டீசலில் 98 சதவீதத்துக்கு மேல் ஏற்கனவே எரிந்துவிடுகிறது. கரும்புகையைப் பார்த்தால் பாதி டீசல் வீணாகப் போவது போலத் தோன்றும், எடை போட்டால் அது மிகச் சொற்பம். இன்ஜினில் நிஜமாக வீணாவது எரியாத டீசல் அல்ல, எரிந்த பிறகு சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போகும் வெப்பம். அதை இந்தக் கிட் தொடுவதே இல்லை. மிச்சமிருக்கும் 2 சதவீதத்தை முழுவதும் எரித்தாலும் 30 சதவீதம் எங்கிருந்து வரும்? இன்னொன்றும் இருக்கிறது. காற்றில் 4 சதவீதமாவது ஹைட்ரஜன் கலந்திருந்தால்தான் அதில் தீ தானாகப் பரவும். லாரி இன்ஜின் நிமிடத்துக்குப் பல ஆயிரம் லிட்டர் காற்றை இழுக்கிறது. அதில் முக்கால் லிட்டரைக் கரைத்தால் ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு அளவுதான் தேறும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் இப்படி ஒரு கிட்டை வாங்கி லேபுக்குக் கொண்டுவந்தார். எவர்சில்வர் தகடுகளை அடுக்கிய ஒரு பெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்த தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். நாங்கள் அளக்கும் முறை எளிது. பியூரெட் என்ற, அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் டீசலை நிரப்பி, 10 சிசி இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்ப்போம். முழு லோடில் அந்த இன்ஜினுக்கு 32 வினாடி. கிட்டைத் தனி பேட்டரியில் ஓட்டியபோது 32, 33, 32 என்று வந்தது. கிட்டை நிறுத்தியபோதும் 32, 33 என்றே வந்தது. பட்டனை அழுத்தும் விரல் ஒரு கணம் பிந்தினாலே வரும் வித்தியாசம் அது. அதே கரண்டை இன்ஜினிலிருந்தே எடுத்தபோது 31-க்கு இறங்கியது. அந்தப் பையன் கடன் வாங்கி அதை வாங்கியிருந்தார். ரீடிங் நோட்டைப் பார்த்தபடி அவர் நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்படியானால் மைலேஜ் கூடியது என்று சிலர் சத்தியம் செய்கிறார்களே, அவர்கள் பொய் சொல்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. கிட் மாட்டும்போது ஏர் ஃபில்டரும் மாறியிருக்கும், டயர் காற்றும் பார்த்திருப்பார்கள். முதலாளி மைலேஜை எழுதி வைக்கிறார் என்று தெரிந்ததும் டிரைவர் ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிப்பார். திரும்பும் லோடு குறைவாக இருந்திருக்கும். இதில் இரண்டு மூன்று சேர்ந்தாலே கணிசமான வித்தியாசம் வந்துவிடும், பெயர் மட்டும் கிட்டுக்குப் போகும்.

காசு போனால் போகட்டும் என்று போட்டுப் பார்க்கவும் நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டியில் வருவது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெடிப்பதற்கு ஏற்ற அளவிலேயே கலந்த வாயு. ஹைட்ரஜனைப் பற்ற வைக்க 0.02 மில்லிஜூல் போதும், பெட்ரோல் ஆவிக்குத் தேவைப்படுவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நைலான் சட்டையைக் கழற்றும்போது வரும் பொறியே அதற்கு அதிகம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி அங்கீகாரம் இல்லாத மாற்றத்தை வண்டியில் செய்யக் கூடாது. நாளை வண்டி தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இருக்கும்.

சரி, பெரிய கம்பெனிகள் செய்வது என்ன? அது வேறு வேலை. ஹைட்ரஜனை வண்டியில் தயாரிப்பதில்லை, வெளியே தயாரித்துச் சிலிண்டரில் நிரப்பிக் கொண்டுவருகிறார்கள். இந்த ஒரு வித்தியாசத்திலேயே மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. இதை ஏன் அவ்வளவு பாடுபட்டுச் செய்கிறார்கள் என்று புரிய டீசல் இன்ஜின் எப்படிப் பற்றுகிறது என்று பார்க்க வேண்டும். அதில் ஸ்பார்க் பிளக் இல்லை. பிஸ்டன் காற்றை 16, 18 மடங்கு நெருக்கும்போது காற்று கொதித்துச் சூடாகிறது, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. டீசல் தானாகப் பற்ற 250 டிகிரிக்குள் போதும். ஹைட்ரஜனுக்கு 500 டிகிரிக்கு மேல் வேண்டும், 585 வரைக்கும் சொல்கிறார்கள். ஒரு சின்னப் பொறி பட்டால் உடனே பற்றும், வெறும் சூட்டில் லேசில் பற்றாது. ஹைட்ரஜனின் குணம் இப்படி இரண்டும் கெட்டான். அதனால் டீசல் இன்ஜினில் ஹைட்ரஜன் ஓட்ட இரண்டே வழிதான் நடைமுறையில் இருக்கிறது. கொஞ்சம் டீசலைத் தீக்குச்சி போலப் பீய்ச்சி ஹைட்ரஜனைப் பற்ற வைப்பது ஒன்று. இன்ஜினின் தலையையே மாற்றி ஸ்பார்க் பிளக் வைப்பது இன்னொன்று.

முதல் வழியை எங்கள் லேபில் செய்தோம். தனிக் கொட்டகையில் சிலிண்டர், நெருப்பு பின்னால் ஓடாமல் தடுக்க இரண்டு தடுப்புகள், கூரையில் கசிவு காட்டும் கருவி எல்லாம் வைத்து, உள்ளே போகும் காற்றில் ஹைட்ரஜனைக் கலந்தோம். கண்டது மூன்று விஷயம். குறைந்த லோடில் பலன் இல்லை, கலவை மெலிந்து கிடப்பதால் ஹைட்ரஜனில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். முக்கால் லோடுக்கு மேலே திறன் கொஞ்சம் கூடியது, புகையும் நன்றாகக் குறைந்தது. ஹைட்ரஜனின் பங்கை இன்னும் ஏற்றியபோது இன்ஜின் தலையில் சுத்தியலால் அடிப்பது போல் கணீர் கணீர் என்று நாக்கிங் வந்தது, கையிலிருந்த வால்வை உடனே மூட வேண்டியதாயிற்று. இன்னொரு நாள் உள்ளே போகும் குழாயிலேயே ‘டப்’ என்று பற்றியது. குழாய் கிழிந்ததோடு போயிற்று. நாசிலும் ஹெட்டும் மாற்றாமல், காற்றுக் குழாயில் ஹைட்ரஜனை விட்டு டீசலை முக்கால்வாசி குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்கச் சொல்வேன்.

ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தான் வரும், மாசே இல்லை என்பதும் பாதி உண்மைதான். கரியமில வாயு வராது, சரி. ஆனால் சூடு அதிகமாகும்போது காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகும். ஹைட்ரஜன் வேகமாக எரிவதால் டீசலோடு சேர்த்து ஓட்டும்போது இது பல சமயம் கூடத்தான் செய்கிறது. பி.எஸ்.6 வண்டியில் ஆட்ப்ளூ என்ற யூரியா கரைசலை ஊற்றுவது இந்த வாயுவை ஒழிக்கத்தான். ஹைட்ரஜன் இன்ஜினிலும் கலவையை நன்றாக மெலிய வைத்து ஓட்டினால் இதை அடக்கலாம், அப்போது இழுவை குறையும். இழுவையும் வேண்டும் என்றால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ பெரிதாக வேண்டும்.

உள்ளே பிஸ்டனுக்கு மேலேயே ஹைட்ரஜனை நேராகப் பீய்ச்சினால் நாக்கிங், குழாயில் பற்றுவது இரண்டும் பெருமளவு தீர்ந்துவிடும். சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழு 2022-ல் வெளியிட்டது இந்த வகைதான். 90 சதவீதம் ஹைட்ரஜன், மீதி டீசல், திறனும் கூடியது என்றார்கள். ஆய்வகத்தில் நன்றாக ஓடியது என்பது உறுதி. அதே நாசில் லாரியில் பத்து லட்சம் கிலோமீட்டர் தாங்குமா என்பது வேறு கேள்வி, அதற்குச் சாலைதான் பதில் சொல்லும். வால்வோ இதே போல் சிறிதளவு எரிபொருளைத் தீக்குச்சியாக வைத்து ஹைட்ரஜனை அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் லாரிகளை 2026 முதல் சாலையில் சோதிப்பதாக 2024-ல் அறிவித்தது. ஜே.சி.பி. கம்பெனி தன் டீசல் இன்ஜின் வடிவத்தை எடுத்து ஸ்பார்க் பிளக் வைத்து முழு ஹைட்ரஜன் இன்ஜினாக்கியிருக்கிறது. நம் ஊரில் அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் சேர்ந்து செய்த ஹைட்ரஜன் இன்ஜின் லாரியை 2023 பிப்ரவரியில் பெங்களூரில் காட்டினார்கள். 2025 மார்ச்சில் டாடா 16 ஹைட்ரஜன் லாரிகளைச் சோதனை ஓட்டத்துக்கு விட்டது, அதில் ஹைட்ரஜனை இன்ஜினில் எரிப்பதும் உண்டு, ஃப்யூயல் செல்லில் கரண்டாக்கி மோட்டாரை ஓட்டுவதும் உண்டு. ஆக ஹைட்ரஜன் லாரி உண்மை. அதற்கும் உங்களுக்கு விற்க வந்த பெட்டிக்கும் சம்பந்தம் இல்லை.

அந்த நிஜ லாரியை நீங்கள் இன்று ஏன் வாங்க முடியாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட் சக்தி, அதாவது 3.3 லிட்டர் டீசல். தண்ணீரிலிருந்து அந்த ஒரு கிலோவைப் பிரிக்க 50 முதல் 55 யூனிட் கரண்டு ஆகும். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் கரண்டுக்கே 350 ரூபாய்க்கு மேல். அப்புறம் பிளான்ட் செலவு, அழுத்தும் செலவு, கொண்டுவரும் செலவு. 3.3 லிட்டர் டீசல் பெட்ரோல் பங்க்கில் சுமார் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சூரிய மின்சாரம் மலிவாகக் கிடைத்து, பிளான்ட் விலையும் இறங்கினால் இது மாறும். 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தை அறிவித்தது இந்த விலையை இறக்கத்தான். இன்னொரு சிக்கல் இடம். உங்கள் 300 லிட்டர் டீசல் டேங்குக்கு ஈடாக 90 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். 350 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 350 மடங்கு அழுத்தத்தில்கூட ஒரு லிட்டரில் 24 கிராம்தான் அடங்கும், ஆக சிலிண்டர் கொள்ளளவு மட்டும் 3,700 லிட்டருக்கு மேல். அவ்வளவு இடத்தையும் எடையையும் லோடிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

இப்போது பயோடீசல். உங்கள் கேள்வியில் உருப்படியான பகுதி இதுதான். டீசல் இன்ஜினுக்கும் தாவர எண்ணெய்க்கும் உறவு பழையது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். அதைச் சொல்லியே சிலர் செக்கெண்ணெயை அப்படியே ஊற்றலாம் என்று வீடியோ போடுகிறார்கள். அன்றைய இன்ஜின் மெதுவாக ஓடிய முரட்டு இரும்பு. இன்றைய இன்ஜினில் காமன் ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் தேக்கி நாசில்களுக்கு அனுப்புகிறார்கள், அந்த நாசிலின் துளை தலைமுடி அளவு. டீசலைவிட எண்ணெய் பத்து மடங்கு கெட்டி, சரியாகத் தூளாகப் பீய்ச்சாது. பட்டறையில் இருந்தபோது இப்படி எண்ணெய் ஊற்றி ஓட்டிய ஒரு வண்டியின் நாசில்களைக் கழற்றினேன். நுனியைச் சுற்றிக் கரி பூப் போல மலர்ந்திருந்தது. நான்கு துளையில் இரண்டு அடைந்திருந்தன. ஊசி உள்ளே அரக்கு வைத்தது போல ஒட்டிக்கொண்டது, டீசலில் ஒரு இரவு ஊறப்போட்டும் வரவில்லை. சம்ப்பில் இருந்த இன்ஜின் ஆயில் களி போல இறங்கியது. வண்டி மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது என்று உரிமையாளர் சொன்னார். அதில்தான் ஆபத்து இருக்கிறது, முதல் மூன்று மாதம் எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

பயோடீசல் என்பது எண்ணெய் அல்ல. எண்ணெயை மெத்தனாலும் காரமும் சேர்த்து வினைப்படுத்தி, கிளிசரினைப் பிரித்து, கழுவி, ஈரம் போக்கி எடுப்பது. கெட்டித்தன்மை டீசலுக்குப் பக்கத்தில் வந்துவிடும், பற்றும் குணமும் டீசலுக்குக் குறையாது. லிட்டருக்கு 8 சதவீதம் அளவுக்குச் சக்தி குறைவு, ஆக முழுப் பயோடீசலில் மைலேஜ் கொஞ்சம் குறையும். ஐ.எஸ். 15607 என்ற இந்தியத் தரத்தில் இருந்தால் டீசலில் 5, 7 சதவீதம் கலப்பதில் எந்தக் கெடுதியும் இல்லை. உங்கள் பி.எஸ்.4 வண்டியில் 20 சதவீதம் வரை நான் பயப்பட மாட்டேன், இது என் அனுபவத்தை வைத்துச் சொல்வது. முதல் இரண்டு டேங்க் முடிந்ததும் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள், ஏனென்றால் பயோடீசல் பழைய டேங்க் அழுக்கையெல்லாம் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். பழைய ரப்பர் ஹோஸ் இருந்தால் ஊதிப்போகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கில் பயோடீசல் வைக்காதீர்கள், ஈரம் இழுத்துக் கெட்டுவிடும்.

பி.எஸ்.6 வண்டிக்குக் கம்பெனி கையேட்டில் எத்தனை சதவீதம் எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். அதில் சைலன்சரில் இருக்கும், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் நச்சு வாயுவை மாற்றும் கேட்டலிஸ்ட்டும் தான் விலை உயர்ந்த உறுப்புகள். சரியாகக் கழுவாத பயோடீசலில் தங்கும் சோடியமும் பொட்டாசியமும் அவற்றைக் கெடுக்கும். வடிகட்டியைச் சுத்தம் செய்ய சில இன்ஜின்கள் கடைசி நேரத்தில் கூடுதலாக டீசல் பீய்ச்சும், அதில் பயோடீசல் இருந்தால் லேசில் ஆவியாகாமல் சிலிண்டரின் உட்சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். உங்கள் வண்டி வடக்கே போகும் என்றால் இன்னொன்று. நம் ஊரில் ஹோட்டல் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில்தான், அதில் செய்த பயோடீசல் 15 டிகிரி அளவிலேயே மங்கி உறையத் தொடங்கும். சேலத்தில் கவலை இல்லை. ஜனவரியில் டெல்லி போய் ஒரு இரவு நிறுத்தினால் காலையில் ஃபில்டர் மெழுகாக நிற்கும்.

யாரிடம் வாங்குகிறோம் என்பது இதைவிடப் பெரிய விஷயம். ரோட்டோரம் பயோடீசல் என்று டீசலைவிட 15, 20 ரூபாய் குறைத்து விற்பதில் பல, பயோடீசலே அல்ல. தொழிற்சாலைக் கரைப்பானும் மலிவான எண்ணெயும் கலந்த சரக்கு. பம்ப்புக்கு வழுக்கல் தருவது டீசல்தான், கரைப்பான் ஓடினால் பம்ப் உள்ளேயே தேய்ந்து இரும்புத் தூள் காமன் ரெயில் குழாய் முழுக்கப் பரவும். ஆறு நாசிலும் பம்ப்பும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தரச் சான்றிதழ் காட்டாதவரிடம் ஒரு கேன்கூட வாங்காதீர்கள். மூலப்பொருள் கிடைப்பதும் எளிதல்ல. 2003-ல் திட்டக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு காட்டாமணக்கு நட்டால் தரிசு நிலமெல்லாம் எண்ணெய்க் கிணறு ஆகும் என்றார்கள், 20 சதவீதக் கலப்பு இலக்கும் வைத்தார்கள். தண்ணீர் இல்லாத நிலத்தில் காய் பிடிக்கவில்லை, நம்பி நட்ட விவசாயிகள் பிடுங்கிப் போட்டார்கள். இப்போது நம்பிக்கை பழைய சமையல் எண்ணெயில் இருக்கிறது. மீண்டும் மீண்டும் சுட்ட எண்ணெயைச் சாப்பாட்டிலிருந்து விலக்கி பயோடீசலுக்கு அனுப்பும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தொடங்கியது. நல்ல திட்டம், ஆனால் நாட்டின் டீசல் தேவைக்கு முன் கிடைக்கும் எண்ணெய் கொஞ்சம்தான்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதுபோல் டீசலிலும் கலக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். எத்தனால் டீசலோடு ஒட்டாது, ஈரம் பட்டால் பிரிந்துவிடும், சூட்டில் தானாகப் பற்றவும் பற்றாது. ஸ்கானியா எத்தனால் பஸ் விட்டது உண்மைதான், நாக்பூரில்கூட 2014-ல் ஓடியது. ஆனால் அதற்காகக் காற்றை 28 மடங்கு நெருக்கும் தனி இன்ஜினும், பற்றுவதற்கு ஒரு சேர்மமும் தேவைப்பட்டன. சாண எரிவாயு, மரக்கரி வாயு இரண்டும் நிற்கிற இன்ஜினுக்கு அருமை, பண்ணை ஜெனரேட்டரில் டீசலில் 70, 80 சதவீதம்கூடக் குறைக்கலாம். லாரிக்கு ஒத்துவராது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பின்னால் அடுப்பு கட்டிய கரி கேஸ் பஸ்கள் நம் ஊரில் ஓடியதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள், பெட்ரோல் கிடைக்காத கொடுமையில் செய்தது அது. அடுத்த வண்டி வாங்கும்போது, உங்கள் ரூட்டில் பங்க் இருந்தால், கம்பெனியிலேயே சி.என்.ஜி. (அழுத்திய இயற்கை எரிவாயு) அல்லது எல்.என்.ஜி.க்கென்று (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) செய்த லாரியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்று டீசலுக்கு மாற்றாக நீங்கள் நிஜமாக வாங்கக்கூடியது அதுதான்.

அந்த 45,000 ரூபாயை நான் என்ன செய்வேன் என்றால், பி.எஸ்.4 வண்டியின் நாசில்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பீய்ச்சல் பார்ப்பேன். ஏர் ஃபில்டரையும் டர்போவுக்குப் போகும் ஹோஸ்களையும் மாற்றுவேன், அந்த ஹோஸில் முடி அளவு விரிசல் இருந்தாலும் மைலேஜ் விழும். வீல் அலைன்மென்ட், வாரம் ஒரு முறை குளிர்ந்த டயரில் காற்று. கேபின் மேலே காற்று தள்ளும் டிஃப்ளெக்டர், தார்ப்பாய் பறக்காமல் இறுக்கிக் கட்டுவது. மிச்சப் பணத்தில் ஒரு பங்கை டிரைவருக்கு மைலேஜ் பேட்டாவாகக் கொடுப்பேன். வேகம் 60-லிருந்து 75 ஆனால் காற்றை எதிர்க்கவே ஏறக்குறைய இரண்டு மடங்கு குதிரைத்திறன் வேண்டும், அதைக் குறைப்பது அவருடைய கால்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் கிட் விற்பவர் ஒரு மாதம் சும்மா மாட்டிப் பாருங்கள் என்று சொன்னால், என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். பி.எஸ்.6 வண்டியில் கூடாது, பழைய வண்டியில் அவர் பொறுப்பில், எழுத்தில் வாங்கிக்கொண்டு, அங்கீகாரச் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். சான்றிதழ் இருந்தால் மேலே பேசலாம். ஒரே ரூட், ஒரே டிரைவர், எடைமேடைச் சீட்டோடு ஏறக்குறைய ஒரே லோடு, ஒரே பங்கில் ஒரே பம்ப்பில் டேங்கின் கழுத்து வரை ஃபுல். அப்படி எட்டு டிரிப். அதில் நான்கு டிரிப்பில் கிட்டின் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள், எந்த நான்கு என்று டிரைவருக்கும் தெரியக் கூடாது, விற்பவருக்கும் தெரியக் கூடாது. எட்டு டிரிப்பின் மைலேஜ் எண்களையும் இங்கேயே எழுதுங்கள். ஃபியூஸ் இருந்த டிரிப்களில் நிஜமாகவே 5 சதவீதம் கூடியிருந்தால் சொல்லுங்கள், என் பியூரெட்டையும் ஸ்டாப் வாட்ச்சையும் எடுத்துக்கொண்டு நானே வந்து பார்க்கிறேன்.